சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் ஊர் இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. அதற்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "கப்பல் வண்டியப் பத்தி உங்கள விட்டா சொல்ல ஆளே இல்லண்ணே. பசங்க கேக்குறாங்க. ரெண்டு பக்கம் எழுதுங்க, கூடவே ஒரு போட்டோ குடுங்க" என்றார். போட்டோவை உடனே எடுத்துக் கொடுத்தேன். எழுதும் எண்ணம் இல்லை. நான் வேலையில் இருந்தபோது சொன்ன எதையும் கேட்காதவர்கள், அச்சில் போட்டால் மட்டும் கேட்டுவிடப் போகிறார்களா?

மறுநாள் போளூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஸ்கூட்டர் கடையைத் தாண்டிப் போனேன். பேட்டரியில் ஓடும் ஸ்கூட்டர்கள். இவையும் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இங்கே பூட்டப்படுகிறவைதான். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை மாதிரி வரிசையாக நின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு எலுமிச்சம்பழம். முன் பிரேக் டிஸ்க்கில் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். டிஸ்க் எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல மினுமினுத்தது. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் ஏழுமலை. படிப்பு ஒட்டவில்லை. ஆரணியில் ஒரு பட்டறை, வேலூரில் ஒரு ஷோரூம். முதல் ஐந்து வருடம் அடி, அடுத்த பத்து வருடம் திட்டு, அப்புறம் நானே மற்றவர்களைத் திட்டும் பதவிக்கு உயர்ந்தேன். அதற்கு ஃபோர்மேன் என்று பெயர். சொந்த ஊரிலேயே வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து தனசேகரின் ஷோரூமில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

தனசேகருக்கு என்னைவிடப் பத்து வயது கம்மி. ஷோரூம் திறப்பதற்கு முன் பாத்திரக் கடை வைத்திருந்தவர். குத்துவிளக்குக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தியாசம், குத்துவிளக்குக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. ஆனால் கெட்ட மனிதர் இல்லை. கத்த மாட்டார், யாரையும் மட்டமாகப் பேச மாட்டார். காலையில் வந்ததும் தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். எதைக் கேட்டாலும் அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும். பிரேக் ஷூ ஸ்டாக் இல்லை என்று போய் நின்றால், தாளைப் பார்த்து, "பத்தரைக்கு மேல போன் பண்ணிக் கேப்போம்" என்பார். பத்தரைக்கு மேல் கேட்டாலும் பிரேக் ஷூ வராது. அது வேறு விஷயம்.

அவர் என்னைக் கூப்பிடுவதில் ஒரு முறை உண்டு. சந்தோஷமாக இருந்தால் "ஏழுமலை". என் மேல் கோபம் என்றால் "ஏழுமலை சார்". செய்யக் கூடாத ஒன்றைச் செய்ய வைக்க வேண்டும் என்றால் "அண்ணே". அவர் அண்ணே என்று ஆரம்பித்தாலே நான் உஷாராகிவிடுவேன்.

இனி அந்தக் கப்பல் வண்டி. சீனாவிலிருந்து பெட்டியில் பாகம் பாகமாக வந்து சென்னைப் பக்கத்தில் பாதியும் எங்கள் பட்டறையில் மீதியும் பூட்டப்பட்ட மோட்டார் சைக்கிள். நம் ஊர் வண்டியோடு பார்த்தால் விலை ரொம்பக் கம்மி. டேங்க் மட்டும் எருமை மாதிரி பெரிசு. வாங்கும்போது "ஜம்முனு இருக்கு" என்பார்கள். ஆறு மாதம் கழித்து "சைனா மால்தானே, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் அந்த வண்டிக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டியிருக்க மாட்டார்கள்.

நான் அந்த வண்டியை மட்டமாகச் சொல்ல மாட்டேன். அது முக்கால்வாசி மட்டும் செய்து அனுப்பப்பட்ட வண்டி. மீதி கால்வாசியை நாம் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் குறைந்த விலைக்கு அர்த்தம். போல்ட்டுகள் இளகின இரும்பு. லூசாக விட்டால் கழன்று விழும், நம் வீரத்தைக் காட்டி முறுக்கினால் மரை போய்விடும். அதனால் எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ஸ்பேனரால்தான் முறுக்க வேண்டும். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தம் மட்டமாக வருவதை இறுக்க வேண்டும். கடல் காற்றில் துரு ஏறாமலிருக்க முன் பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் தடவி அனுப்பியிருப்பார்கள். அந்த எண்ணெய் இருந்தால் பிரேக் வழுக்கும். அதைப் பெட்ரோல் துணியால் இரண்டு தடவை துடைத்து, மூன்றாவது தடவை வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் பைபாஸ் வரை ஓட்டிப் போய்ப் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். எட்டு போதாதா என்று ஒரு மெக்கானிக் கேட்டான். போதாது, டிஸ்க்கைக் கவ்வும் புது பிரேக் பேடு பத்தாவது பிடியில்தான் கடிக்கும் என்றேன். அது நானாக வைத்த கணக்கு. ஆனால் அந்தப் பத்தும் ஆகாமல், வண்டிக்குச் செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் "ஓட்டிப் பார்த்தது" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு நாளைத் தவிர.

வண்டியைக் கொடுக்கும்போது ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்வேன். ஐந்நூறு கிலோமீட்டரில் ஒரு தடவை கொண்டு வாருங்கள், எல்லா நட்டையும் மறுபடி இறுக்க வேண்டும் என்பேன். தலையாட்டிவிட்டு ஐயாயிரத்தில் வருவார்கள், கழன்ற சைலன்சரைக் கையில் பிடித்தபடி. செயினை இரண்டு விரல் ஆடும் அளவுக்கு வையுங்கள் என்பேன். செயின் தரையைத் தொட்டுப் புழுதி கிளப்பும் வரை ஓட்டுவார்கள். சீட்டு அழுக்காகும் என்று கம்பெனி பாலிதீனை மூன்று வருடம் கழற்றாதவர்கள், என்ஜின் ஆயிலையும் அதே பக்தியோடு மூன்று வருடம் மாற்றாமல் வைத்திருப்பார்கள்.

முக்கியமானது முன் பிரேக். நம் மாவட்டத்தில் முன் பிரேக் என்பது ஹேண்டில்பாரில் அழகுக்கு வைத்த உறுப்பு. "முன்ன புடிச்சா குப்புறத் தள்ளிடும்" என்று எவனோ ஒருவன் ஒரு காலத்தில் சொல்லிவிட்டான், அத்தோடு சரி. காலால் பின் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு நடுவே மூன்று பேரோடு போகிறவர்களை அண்ணாமலையார்தான் காப்பாற்றுகிறார், வேறு யாரும் இல்லை. நான் வண்டியை ஓட்டிக் காட்டுவேன். பின் பிரேக் மட்டும் பிடித்தால் எங்கே நிற்கிறது, இரண்டையும் சேர்த்து மெல்ல அழுத்தினால் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டுவேன். அவர்கள் அப்போது மாலையைச் சரிசெய்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஒருத்தர் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். மஞ்சுளா. கீழ்பென்னாத்தூர் பக்கத்து கிராமங்களுக்குப் போகும் செவிலியர். தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மண் ரோட்டில் போக வேண்டும், ஸ்கூட்டி தாங்காது, பெரிய வண்டி வாங்க வசதி இல்லை என்று இதை வாங்கினார். டயரில் காற்று எவ்வளவு, பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்று கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். முன் பிரேக்கை எப்போது எவ்வளவு அழுத்துவது என்று ஷோரூம் வாசலில் பத்துத் தடவை ஓட்டிப் பழகினார். ஐந்நூறில் வரச் சொன்னேன், நானூற்றுத் தொண்ணூறில் வந்து நின்றார். அவருடைய மாமனாருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பொம்பளைக்கு எதற்கு எருமை மாதிரி கியர் வண்டி, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் விழத்தான் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்தால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். பஸ் போகாத ஊர்கள் மஞ்சுளாவின் பொறுப்பில் நாலைந்து இருந்தன. வண்டி போனால் அவர் வேலை நொண்டும்.

அந்த வருட ஆயுத பூஜைக்குத் தனசேகருக்கு ஒரு யோசனை பிறந்தது. வாடிக்கையாளர்கள் முதல் நாளே வண்டியை விட்டுவிட வேண்டும். இலவச வாட்டர் வாஷ், இலவச பாலிஷ், எல்லா வண்டிக்கும் சேர்த்து ஐயரை வைத்து ஒரே பூஜை. நல்ல நேரத்தில் சொந்தக்காரரே ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும். நாற்பது வண்டிகள் சேர்ந்தன.

வாட்டர் சர்வீஸ்காரர் வழக்கம் தெரிந்திருக்கும். கழுவி முடித்ததும் டீசலில் கொஞ்சம் ஆயில் கலந்து காற்றுக் குழாயில் புஸ்ஸென்று அடிப்பார். என்ஜின், செயின், டயர் எல்லாம் கறுப்பு வைரம் மாதிரி மின்னும். மற்ற நாட்களில் நான் பக்கத்தில் நின்று, முன் டிஸ்க்குக்குப் பாலிதீன் பை மாட்டி ரப்பர் பேண்டு போட்ட பிறகுதான் அடிக்க விடுவேன். அன்று நான் உள்ளே ஸ்பேனர்களைத் துடைத்துச் சிவப்புத் துணியில் அடுக்கி, டார்க் ஸ்பேனருக்கு மட்டும் தனியாக ஒரு பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தேன். எந்தக் கருவி உயிரைக் காப்பாற்றுகிறதோ அதைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் வரை தொடக் கூடாது என்பது நம் சம்பிரதாயம். மனுஷன் உயிருக்கு அன்று லீவு இல்லை என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வெளியே வந்தால் நாற்பது வண்டியும் வரிசையில் நின்றன. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், எல்லாம் தயார். மேசையில் நாற்பது ஜாப் கார்டு. ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கணும் சார் என்றேன். தனசேகர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார்.

"அண்ணே, சக்கரம் உருண்டா பழம் நசுங்கிடும். பூஜைக்கு முன்னாடியே நசுங்கினா நல்லதா சொல்லுங்க? நேத்து ஓடி வந்த வண்டிங்கதானே. நாலரையோட நல்ல நேரம் முடியுது. கையெழுத்தப் போட்டுடுங்கண்ணே."

ஒரு எலுமிச்சம்பழம் நசுங்கிவிடுமே என்று பயந்து முப்பது வருட அனுபவத்தை மென்று விழுங்கினேன். நாற்பது கையெழுத்து. கை வலித்தது என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஒரே வருத்தம்.

பூஜை முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மஞ்சுளா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஓட்டிப் பாத்தீங்களாண்ணா?" என்று கேட்டார். நாற்பது பேரில் இதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"பாத்தாச்சும்மா" என்றேன்.

செஞ்சி ரோட்டில் ஊர் எல்லை தாண்டி முன்னால் போன டிராக்டர் சட்டென்று நின்றது. நான் கற்றுக்கொடுத்தபடி மஞ்சுளா இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்பக்கத்தை மெல்ல மெல்ல அதிகமாக அழுத்தியிருக்கிறார். முன் பிரேக் கையில் கெட்டியாகத்தான் இருந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை. டிரெய்லர் மூலையில் போய் மோதினார். ஹெல்மெட் பிளந்தது, தலை தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்தது. ஊசி போடும் கை.

மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் என்ன ஆயிற்று என்று மறுநாள் உட்கார்ந்து போன் போட்டேன். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முன் பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அத யாருங்க புடிக்கறாங்க?" என்று திருப்பிக் கேட்டார்கள். என் பேச்சைக் கேட்காதவர்கள் எல்லாம் நலமாக இருந்தார்கள். கேட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். என் பிரசங்கத்துக்குக் கிடைத்த பலன் இது.

வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஷோரூமே தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. சேல்ஸ் ஆட்கள் சைனா மால் என்றார்கள். தனசேகர் அதைச் சொல்ல முடியாதே, விற்கிறவர் அவராயிற்றே. லேடீஸ் பெரிய வண்டி ஓட்டினால் இப்படித்தான், வேகமாகப் போயிருப்பார் என்றார். வசதியான இரண்டு தீர்ப்புகள். எதை எடுத்தாலும் எங்கள் பட்டறை அதில் வராது.

நான் வண்டியின் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் பிரேக் ஆயில் அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. லீவரை அழுத்தினேன், பஞ்சு மாதிரி அமுங்கவில்லை, கெட்டியாக நின்றது. குழாயில் ஒழுகல் இல்லை. அதாவது பிரேக்கில் குறை இல்லை. வெள்ளைத் துணியை எடுத்து டிஸ்க்கை ஒரு சுற்று துடைத்தேன். துணியில் கறுப்பாக ஒரு பட்டை, நடுவே மஞ்சளாக ஒரு தீற்று. மூக்கில் வைத்தேன். டீசல், சந்தனம். இரண்டு போல்ட்டைக் கழற்றி பேடை வெளியே எடுத்தேன். எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. பத்துத் தடவை பிரேக் பிடித்திருந்தால் முதல் பிடியிலேயே தெரிந்திருக்கும். அழுகை வந்தது. பட்டறையில் ஃபோர்மேன் அழக் கூடாது என்பதால் கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

எங்கள் ஜாப் கார்டு மூன்று தாள். வெள்ளை ஆபீசுக்கு, நீலம் பட்டறைக்கு, மஞ்சள் வாடிக்கையாளருக்கு. கார்பன் வைத்து அழுத்தி எழுதினேன்: "வண்டியில் குறை இல்லை. ஓட்டியவர் மேல் தவறு இல்லை. எங்கள் பட்டறையில் பாலிஷ் போடும்போது முன் பிரேக் டிஸ்க்கில் டீசல் பட்டது. ஓட்டிப் பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான். ஏழுமலை, ஃபோர்மேன்."

தனசேகர் படித்தார். காலண்டர் தாளை எடுத்துப் பார்க்கவில்லை. அவர் காலண்டரைப் பார்க்காமல் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"அண்ணே, வேற கார்டு எழுதிடலாம். கடை பேரு போயிடும். உங்க பேரும்தான்."

அவர் சொன்னது நியாயம்தான், என் பெயரும் போகும். ஊரில் ஏழுமலை கை வைத்தால் வண்டி சுத்தம் என்று ஒரு பெயர் இருந்தது. அதை விட்டால் என்னிடம் வேறு சொத்து கிடையாது. அவர் வெள்ளைத் தாளையும் நீலத் தாளையும் நிதானமாகக் கிழித்தார். மஞ்சளைத் தேடினார். அது என் பையில் இருந்தது. அவர் காலண்டர் தாளை மடித்து வைப்பது போலவே நாலாக மடித்து வைத்திருந்தேன். அவரிடம் இத்தனை வருடத்தில் நான் கற்றது அது ஒன்றுதான்.

அன்று மாலையே கீழ்பென்னாத்தூர் போனேன். மஞ்சுளா கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் இருந்தார். வண்டிக்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்று மாமனார் எடுத்த எடுப்பில் சொன்னார். நான் உட்காராமல் நின்றபடியே மஞ்சள் தாளைப் பிரித்து ஒரு எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்தேன். மாமனார் அதை வாங்கித் தானும் ஒரு தடவை படித்தார்.

"அப்ப எங்க மருமவளுக்கு ஓட்டத் தெரியாம இல்ல. உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல" என்றார்.

ஆமாங்க என்றேன். வண்டியை விற்கும் பேச்சை அவர் அத்தோடு விட்டார். அந்த அளவில் நான் போனது வீணாகவில்லை. ஆனால் மஞ்சுளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"பாத்தாச்சுன்னு சொன்னீங்களேண்ணா" என்றார்.

கொடுத்த காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

தனசேகர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கப்பல் வண்டியின் குடலைத் தெரிந்தவன் வேறு யாரும் அந்த ஊரில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் அவருக்கு "ஏழுமலை சார்" மட்டும்தான். அடுத்த வருட ஆயுத பூஜைக்கு விடியும் முன்பே போய், வண்டிகளை ஒவ்வொன்றாக பைபாஸ் வரை ஓட்டிப் பத்துத் தடவை பிரேக் பிடித்து, துணியால் துடைத்து, அதன் பிறகு பழத்தை நானே கொண்டுபோய் வைத்தேன். நல்ல நேரத்துக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

மஞ்சுளாவின் மணிக்கட்டு கூடியது, கொஞ்சம் கோணலாக. ஊசி போடுகிறார். அதே வண்டியைத்தான் இன்னும் ஓட்டுகிறார். பத்து வருடத்துக்கு மேல் ஆன கப்பல் வண்டி, நேரத்துக்கு ஆயில், நேரத்துக்குச் செயின், டயரில் சரியான காற்று என்று கல்லு மாதிரி ஓடுகிறது. சைனா மால் என்று சொல்கிறவர்களை அந்த வண்டியைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். பக்கவாட்டுப் பெட்டியில் ஆர்.சி. புத்தகத்தோடு அந்த மஞ்சள் தாளும் லேமினேட் செய்து இருக்கிறது. கார்பன் எழுத்து மங்கிவிட்டது, கையெழுத்து மட்டும் அழுத்திப் போட்டதால் பளிச்சென்று தெரிகிறது.

ஓய்வுக்குப் பிறகும் அடி அண்ணாமலையில் என் வீட்டு வாசலுக்குத்தான் வண்டியைக் கொண்டு வருகிறார். போன மாதம் பிரேக் பேடு மாற்றினேன். வேலை முடிந்ததும் டிஸ்க்கைத் துடைத்த வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினேன். பார்த்தார், சரி என்றார். சாவியை வாங்கிக்கொள்வார் என்று நீட்டினேன். வாங்கவில்லை. எப்போதுமே வாங்குவதில்லை.

"நீங்க ஓட்டிட்டு வாங்கண்ணா. நான் இங்கயே நிக்கறேன்."

கிரிவலப் பாதையில், அவர் நின்ற இடத்திலிருந்து தெரியும் வளைவு வரை ஓட்டினேன், பிரேக் பிடித்தேன், நிறுத்தினேன், மறுபடி ஓட்டினேன். வயதாகிவிட்டது, இடுப்பு வலிக்கிறது. திரும்பி வந்து வண்டியை அவர் முன்னால் நிறுத்தினேன். மஞ்சுளா கோணல் மணிக்கட்டை இடது கையால் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"எட்டுதாண்ணா ஆச்சு" என்றார்.

நான் வண்டியைத் திருப்பினேன்.